நாலாவது ஆள்

எங்கள் அப்பாவுக்குத் தோற்கப் பிடிக்காது. கேரம் ஆடித் தோற்றால் ஸ்ட்ரைக்கர் சரியில்லை என்பார். ரம்மியில் தோற்றால் சீட்டைக் குலுக்கியவர் சரியில்லை என்பார். வென்றால் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பது பெற்ற மகள் என்ற தயவு தாட்சண்யமெல்லாம் அவரிடம் கிடையாது. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். அதனால் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டம் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பினாங்கில், ஜெலுத்தோங் பகுதியில் ஒரு ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில் இருந்தோம். அப்பா சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, சீஃப் கிளார்க்காகப் பென்ஷன் வாங்கியவர். அம்மாவும் அந்த ஊர்க்காரிதான். அக்கா டீச்சர். நான் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்திலேயே அடைந்து கிடக்கப் பிடிக்காமல் சூலியா தெருப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். அங்கே மலிவு ஓட்டல்களில் தங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பும்போது தங்கள் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் தள்ளிவிட்டுப் போவார்கள். ஒருநாள் அந்தக் குவியலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மூலையெல்லாம் டேப் ஒட்டி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. திறந்து பார்த்தேன். ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக்கட்டுகள் சில, ஒரு விதிப் புத்தகம். கட்டு ஒவ்வொன்றும் ஒரு கொலைக் கதை.

விளையாட்டு இப்படி. கட்டின் கடைசிச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றவற்றை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தடயம் எழுதியிருக்கும். சமையல்காரி எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டினாள், தோட்டக்காரன் யாரைப் பார்த்தான் என்கிற மாதிரி. கையில் உள்ள சீட்டை யாருக்கும் காட்டக்கூடாது. வாயால் சொல்லலாம். எல்லோரும் பேசி, யோசித்து, கடைசியில் ஒரே முடிவாகக் கொலைகாரன் இன்னார் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்தக் கடைசிச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் விடை இருக்கும். சரியாக இருந்தால் எல்லோரும் வென்றோம், பிழையாக இருந்தால் எல்லோரும் தோற்றோம்.

அப்பா விதிப் புத்தகத்தை மூக்குக் கண்ணாடி போட்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு திரும்பவும் முதலுக்குப் போனார்.

"அப்ப யாரை வெல்லுறது?" என்று கேட்டார்.

"யாரையும் இல்லை அப்பா. எல்லாரும் ஒரே கட்சி."

"தோத்தால் யாரைக் குறை சொல்லிப் பேசுறது?"

அப்பா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இது என்ன விளையாட்டோ என்று முனகினார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவரும் அவர்தான்.

நாலு பேர் வேண்டும் என்று விதியில் போட்டிருந்தது. அப்பா, அக்கா, நான், கீழ் வீட்டு மாமா என்று உட்கார்ந்தோம். அம்மா ஆட்டத்துக்கு வரவில்லை. அந்தப் பொடி எழுத்து இங்கிலீஷை வாசித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள அவளுக்கு ஆசை இல்லை. ஆனால் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். செத்தது ஒரு பெண் என்று தெரிந்த உடனே, "அவளின்ர புருசன்தான்" என்று அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். தடயம், சாட்சி ஒன்றும் அவளுக்குத் தேவையில்லை. அப்பாவுக்கு எரிச்சலாக வரும். இன்னும் எரிச்சல் என்னவென்றால், அம்மா சொன்னது சில தடவை சரியாகவும் போய்விட்டது.

கதைகள் எல்லாம் இங்கிலாந்தில் நடப்பவை. பெரிய பெரிய மாளிகை, வேலைக்காரர் கூட்டம், சாப்பாட்டு மணி. கன்சர்வேட்டரியில் பிணம் கிடந்தது என்றால் கன்சர்வேட்டரி என்ன என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா டிக்ஷனரி பார்த்து, "கண்ணாடி வீடு கட்டி அதுக்குள்ள செடி வளர்க்கிறாங்களாம்" என்று படித்துச் சொன்னார். பினாங்கில் ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் புல் இடுப்புவரைக்கும் வந்துவிடும். செடிக்கு வீடு கட்டுகிறவர்களை நினைத்து நாங்கள் சிரித்தோம். ஹாலில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள் என்று வந்தாலும் சிரிப்புதான். எங்கள் ஹாலில் ஃபேன் போட்டும் வேர்த்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சிரிப்பெல்லாம் அந்த மேசையில் மட்டும்தான். மற்ற நேரங்களில் வீடு அவ்வளவு சந்தோஷமாக இல்லை. அக்காவுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு சயின்ஸ் சார் இருந்தார். அக்காவுக்கும் அவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது. அவர் கத்தோலிக்கர். தாத்தா காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம். டவுனில் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள சந்தில் வீடு. அக்கா எதையும் ஒளிக்கிற ஆள் இல்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் நேராகச் சொல்லிவிட்டாள்.

அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தால் அவருக்குக் காது கேட்காது. அக்கா பிடிவாதத்தில் அப்பாவைத் தூக்கிச் சாப்பிடுகிறவள். "உங்கட வாயால சரி எண்டு சொல்லாமல் நான் போகமாட்டன். ஆனா வேற ஒருத்தரையும் கட்டமாட்டன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஓடிப்போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொள் என்று சொன்ன சிநேகிதிகளும் இருந்தார்கள். அக்காவுக்கு அது வேண்டாம். அவளுக்கு வேண்டியது அப்பாவின் சம்மதம், அது ஒன்றுதான். எனக்கோ பொறுமை இல்லை. சாமியைப் பிடித்துக்கொண்டு இந்த மனுஷன் இப்படி முரண்டு பண்ணுகிறாரே என்று உள்ளுக்குள் அப்பாவைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு மாமா ஈப்போவிலுள்ள மகன் வீட்டோடு போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் மூன்று பேர்தான் இருந்தோம்.

"மூண்டு பேரும் விளையாடலாமே அப்பா" என்றாள் அக்கா.

"நாலு பேர் எண்டு போட்டிருக்கு."

வேலையில் இருந்த காலம் முழுவதும் விதியைக் கட்டிக்கொண்டு அழுத மனுஷர். பெட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை குறைந்தது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"சயின்ஸ் சாரைக் கூப்பிடலாம். அவருக்கு மூளை இருக்காம்."

அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அப்பா எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "விளையாட்டுக்கு வரலாம்" என்றார். ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "விளையாட்டுக்கு மட்டும்" என்று சேர்த்துக்கொண்டார்.

சயின்ஸ் சார் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழத்தோடு வந்தார். ஒல்லியான, நெட்டையான ஆள். உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார். அப்பா உட்காரச் சொல்லவில்லை. அம்மாதான் வந்து, "இருங்கோ தம்பி" என்றாள்.

அப்பா அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது. ஆனால் விளையாட்டு பேச்சால் நடக்கிற விளையாட்டு. அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பிள்ளை, அவரிட்ட நேரம் போட்ட சீட்டு ஏதும் இருக்கோ எண்டு கேள்" என்றார் என்னிடம். கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் நடுவில் ஒரு முழம் மேசைதான் இருந்தது.

நான் திரும்பி, "நேரம் போட்ட சீட்டு இருக்கா சார்?" என்றேன்.

அவரும் சளைத்தவர் இல்லை. "இருக்குன்னு சொல்லுங்க தங்கச்சி. எட்டரை மணிக்கு சமையல்காரம்மா பின்கதவ பூட்டிட்டாங்களாம்."

"அப்பா, எட்டரை மணிக்கு..."

"கேட்டது, கேட்டது" என்றார் அப்பா.

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற உத்தியோகம் எனக்கு அலுத்துவிட்டது. அடுத்த வாரத்துக்குள் விதிப் புத்தகத்தை அலசி, எனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒருவர் கையில் உள்ள தடயத்தை அவரேதான் சொல்ல வேண்டும், கேட்பவர் அவரிடமே கேட்க வேண்டும், இன்னொருவர் வாய் வழியாகப் போகக்கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதை நான் உரக்க வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். அப்பா புத்தகத்தை வாங்கித் தானும் பார்த்தார். அச்சில் இருக்கிறது, என்ன செய்வார்?

அன்றைக்கு அப்பா கூரையிலிருந்த ஃபேனைப் பார்த்துக் கேள்வி கேட்டார். "பின்கதவை யார் திறந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்பார். சயின்ஸ் சார் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டு, "டிரைவர் தொறந்தாரு அங்கிள்" என்பார். ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அம்மா சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குக் கேட்டது.

அப்பா அவரிடம் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை "பிழை" என்பது. சயின்ஸ் சார் ஏதோ கணக்குப் போட்டு, கொலை நடந்தது சாப்பாட்டுக்கு முன்னால் என்றார். அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"பிழை! முற்றிலும் பிழை!"

"ஏன் அங்கிள் பிழை?"

அப்பா விளக்கினார். மேசையில் விரலால் கோடு போட்டு, இது மாடிப்படி, இது ஹால் என்று காட்டி நீளமாக விளக்கினார். சயின்ஸ் சார் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "ஆமா அங்கிள், நான்தான் கவனிக்கல" என்றார். அந்தக் கேஸை நாங்கள் வென்றோம். அப்பா உற்சாகத்தில் அவர் பக்கம் வடைத் தட்டைத் தள்ளினார். தள்ளின பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உணர்ந்து கையை இழுத்துக்கொண்டார். அக்கா குனிந்து சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு நம்பிக்கை வந்ததே அன்றைக்குத்தான்.

நம்பிக்கை வந்த வேகத்திலேயே போய்விட்டது. அடுத்த கேஸில் அப்பாவுக்கு ஆரம்பத்திலேயே தோட்டக்காரன் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. அவர் பேசிக்கொண்டே போனார். சயின்ஸ் சார் நடுவில், "அங்கிள், ஒரு நிமிஷம்" என்றார். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று அப்பா தொடர்ந்தார். இன்னொரு தடவை அவர் வாயெடுத்தார், இன்னொரு பொறுங்கோ. கடைசியில் தோட்டக்காரன் என்று முடிவாகி, விடையைத் திருப்பினால் தோட்டக்காரன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அவன் ரயிலேறிப் போனதைச் சொல்லும் சீட்டு சயின்ஸ் சார் கையில் இருந்தது.

அப்பா அந்தச் சீட்டை வாங்கிப் படித்தார். "இதை ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தேன் அங்கிள். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இப்ப யாரைப் பேசுறது அப்பா?" என்றேன்.

அப்பா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெட்டி அலமாரியின் உச்சிக்குப் போனது.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் இழுத்தன. சயின்ஸ் சார் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. நடுவில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கோலாலம்பூரிலிருந்து ஒரு அக்கவுண்டன்ட் மாப்பிள்ளையின் போட்டோவோடு வந்து சேர்ந்தார். நல்ல யாழ்ப்பாணக் குடும்பம், சொந்த வீடு, கார், எல்லாம் இருக்கிறது என்றார். அக்கா போட்டோவை வாங்கினாள், கவிழ்த்து மேசையில் வைத்தாள், தேத்தண்ணி போட உள்ளே போனாள். சிநேகிதர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போட்டோவை எடுத்துக்கொண்டு போனார். அப்பா அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் நாலு பேர் இருந்தும் நாலு தனி வீடு மாதிரி இருந்தது. அக்கா இளைத்துப்போனாள்.

வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் மூடுகிற நேரம். அக்கா ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள், யாரையும் பார்க்காமல், "அவருக்குக் கோத்தா பாருவுக்கு மாற்றம் வந்திட்டுது. புது வருசம் பிறந்ததும் போறார்" என்றாள். கோத்தா பாரு தீபகற்பத்தின் மறு கரையில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சாலையில் அங்கே போய்ச் சேர ஒரு முழு நாள் ஆகும். அவர் போய்விட்டால் இந்த விஷயம் தானாகவே அவிந்துபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பசாருக்குப் போய்விட்டு நானும் அம்மாவும் மாடியேறி வந்தோம். பெட்டி மேசைமேல் இருந்தது. தூசி துடைத்திருந்தது. அப்பா தோளில் துவாயோடு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"ஒரு கேஸ் மிச்சம் கிடக்கு" என்றார். "நாலு பேர் வேணும்."

அக்கா செருப்புகூடப் போடாமல் கீழே கடை டெலிபோனுக்கு ஓடினாள்.

கடைசிக் கட்டுதான் இருந்ததிலேயே தடிப்பானது. ஒரு மழை நாள். மாளிகையின் எஜமானி மாடியில் தன் படுக்கை அறையில் செத்துக் கிடக்கிறாள். மருந்தில் விஷம். புருஷன், புருஷனின் தம்பி, குடும்ப டாக்டர், வீட்டு வக்கீல் என்று நாலு பேர் மேல் சந்தேகம். அம்மா வழக்கம்போல் அடுப்படியிலிருந்து, "அவளின்ர புருசன்தான்" என்றாள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அன்று அப்பா ஃபேனைப் பார்க்கவில்லை. "தம்பியின்ர சீட்டில் யார் யார் வீட்டுக்குள்ள வந்ததெண்டு இருக்கோ?" என்று சயின்ஸ் சாரிடமே கேட்டார். அவர் வாயைத் திறந்தால் முடிக்கும்வரை காத்திருந்தார். காத்திருப்பது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று தெரியும், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. அக்காவிடம் ஒரு சீட்டு இருந்தது. கொலை நேரத்தில் ஹாலில் மணி அடித்ததைக் கேட்டதாகப் புருஷன் சொல்கிறான், ஆனால் ஹால் கடிகாரம் காலையிலிருந்தே நின்றுபோயிருக்கிறது. அவள் அதை வாசித்தாள். நல்ல தடயம்தான். அப்பா யோசிக்க ஆரம்பித்தார். அதற்குள் சயின்ஸ் சார் தன் கடைசிச் சீட்டை எடுத்தார்.

"அங்கிள், இது வேற மாதிரி இருக்கு. வேலைக்காரி சொல்றாங்க. டாக்டர் கால்ல சேறு படிஞ்ச சப்பாத்தோட படியேறி அந்தம்மா ரூமுக்குள்ள போனாராம். கார்ப்பெட்ல எல்லாம் தடம் இருக்காம்."

"சப்பாத்தோடயோ?" என்றார் அப்பா.

"சப்பாத்தோட, அங்கிள்."

"வீட்டுக்குள்ள?"

"பெட்ரூமுக்குள்ளயே போயிருக்காரு."

சமையலறையிலிருந்து கரண்டியோடு அம்மா வந்துவிட்டாள். ஆட்டத்தின் நடுவில் அவள் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"சேத்துச் சப்பாத்தோட படுக்கை அறைக்குள்ளயோ?" என்றாள். "அப்ப புருசன் இல்லை. இவன்தான்."

அக்கா ஆமாம் என்றாள். நானும் ஆமாம் என்றேன். ஒரு மனிதன் சப்பாத்தைக் கழற்றாமல் இன்னொருவர் வீட்டு மாடியேறுகிறான் என்றால் அவன் நல்ல எண்ணத்தோடு வந்திருக்கவே முடியாது. கழற்ற நேரமில்லை, அவசரம். வேலையை முடித்ததும் ஓட வேண்டும், அதற்காகத்தான் போட்டுக்கொண்டே போயிருக்கிறான். அப்பா ஒன்று சொன்னால் சயின்ஸ் சார் அதற்கு மேல் ஒன்று சொன்னார். "நோயாளி அறைக்குள்ள, அதுவும் படிச்ச டாக்டர்!" என்றார் அப்பா. "அதான் அங்கிள், வந்தது வைத்தியம் பாக்கவே இல்ல" என்றார் அவர். இரண்டு பேரும் மேசைக்குக் குறுக்கே தலையை நீட்டிக்கொண்டு பேசினார்கள். நின்றுபோன கடிகாரத்தை எல்லோரும் மறந்தே போனோம். இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எந்தக் கேஸையும் முடித்ததில்லை.

அப்பா கடைசிச் சீட்டைத் திருப்பி உரக்க வாசிக்க ஆரம்பித்தார். கொலைகாரன் புருஷன். அடிக்காத மணியைக் கேட்டதாகச் சொல்லி மாட்டிக்கொண்டான். டாக்டர் நல்ல மனிதர், ஆள் அனுப்பியதும் மழையில் ஓடி வந்தவர்.

"சப்பாத்து?" என்றாள் அம்மா.

அப்பா சீட்டின் பின்பக்கத்தையும் பார்த்தார். "சப்பாத்தைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லை." அவர் குரலில் நிஜமான வேதனை இருந்தது. "அந்த ஊரில எல்லாரும் அப்பிடித்தான் போல. வீட்டுக்குள்ள சப்பாத்தோடதான் திரியிறாங்கள்."

"படுக்கை அறைக்குள்ளயுமோ?"

"எல்லா இடமும்தான்."

அம்மா கரண்டியை மேசையில் வைத்தாள். இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த புருஷனை அன்றைக்கென்று பார்த்துக் கைவிட்டுவிட்டாளே, அந்த ஆத்திரம் அவளுக்கு. சயின்ஸ் சார் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"எங்கம்மா இங்க இருந்திருந்தா கேஸே வேணாம்னுருப்பாங்க அங்கிள். சப்பாத்தோட ரூமுக்குள்ள போனதுக்கே அந்த டாக்டர ஜெயில்ல போடச் சொல்லியிருப்பாங்க. நான் ஸ்கூல் விட்டு வந்து வாசப்படியத் தாண்டி ஒரு கால் வெச்சாலே தொடப்பம் பறந்து வரும்."

அப்பா அவரைப் பார்த்தார். எங்கள் வீட்டுக் கம்பிக்கதவுக்கு வெளியே அவருடைய சப்பாத்து, அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில், காலுறையை உள்ளே சுருட்டி வைத்தபடி இருந்தது. அப்பா அதையும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மெதுவாகத்தான் ஆரம்பித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தோற்றுவிட்டுச் சிரித்த அப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஐஞ்சு பேரும் ஒரே மாதிரிப் பிழை விட்டிருக்கிறம்" என்றார். "ஒருத்தருக்காவது வேற மாதிரித் தோணேல்லை."

"ஆமா அங்கிள்."

அப்பா சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தட்டிக் கட்டினார். ரப்பர் பேண்டைப் போட்டார். பிறகு, தலையைத் தூக்காமலே, "தம்பியின்ர அம்மா எப்ப வீட்டில இருப்பா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டில் ஆள் எப்போது இருக்கும் என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அத்தனை கேஸில் மூளையைக் கசக்கிய அந்த மனிதருக்கு இது புரியவில்லை.

"அம்மா எப்பவும் வீட்லதான் அங்கிள் இருப்பாங்க. ஏன் அங்கிள்?"

இந்தத் தடவை அக்கா மிதித்தது அவருடைய காலை. அவர் அக்காவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அப்புறம்தான் முகம் மாறியது. எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப இண்டைக்கே போவம்" என்றார் அப்பா.

"இண்டைக்கோ?" அம்மா பதறினாள். "நாள் பார்க்க வேணாமே? வெறுங்கையோட எப்பிடிப் போறது? அடுத்த கிழமை ஆறுதலாப் போகலாம்."

"இல்லை" என்றார் அப்பா. அக்காவின் பக்கம் திரும்பினார். பல மாதமாக அவளை அவர் நேராகப் பார்த்ததே இல்லை. "எனக்குக் கோவம் எண்டு நீ நினைச்சாய். கோவம் இல்லை, பிள்ளை. நீ போற வீட்டில நான் எங்க இருக்கிறது, என்ன கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அங்க வந்து ஏதும் பிழையாச் செய்து உனக்கு வெட்கமாப் போயிடுமோ எண்டு பயம். நாளைக்கெண்டு விட்டால் எனக்குத் திரும்பவும் பயம் வந்திடும்."

எங்கள் அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அத்தனை மாதம் அவரை மனதுக்குள் திட்டியதெல்லாம் ஒரே நொடியில் கரைந்து, அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லாததால் நான் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்தாள். "நான் பக்கத்திலயே இருப்பன் அப்பா" என்றாள். அப்பாவின் வெள்ளைச் சட்டை இஸ்திரி போடாமல் கிடப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் அயர்ன் பெட்டியைத் தேடி ஓடினாள்.